தொப்பி வியாபாரி மகனும் ஒன்பது மணி நேரப் படமும்

1909 நவம்பர். நியூயார்க், எல்லிஸ் தீவு. ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கும் ஜனங்களைப் பேர் கேட்டு, ஊர் கேட்டு அமெரிக்காவுக்குள் அனுப்பிவைக்கும் இடம். வரிசையில் 24 வயது இளைஞர் ஒருவர். பேரென்ன என்று குமாஸ்தா கேட்டிருப்பார். வந்த பதிலை எழுதி முடிக்கும்போது பேனாவில் மசி தீர்ந்திருக்கும்: 'எரிக் ஆஸ்வால்ட் ஹான்ஸ் கார்ல் மரியா ஃபான் ஸ்ட்ரோஹைம் உண்ட் நார்டன்வால்.'

அந்தக் காலத்தில் ஜெர்மன் பேசும் நாடுகளில் பேருக்கு நடுவே 'ஃபான்' இருந்தால் பெரிய இடத்துப் பிள்ளை என்று அர்த்தம். ஆஸ்திரியப் பிரபு வம்சம், குதிரைப்படை அதிகாரி என்றெல்லாம் இவர் தன்னைப் பற்றிப் பிறகு சொல்லிக்கொண்டார். வியன்னாவில் பிறந்தபோது வைத்த பேர் வெறும் எரிக் ஆஸ்வால்ட் ஸ்ட்ரோஹைம். 'ஃபான்' நடுக்கடலில் எங்கேயோ கப்பலேறியிருக்கிறது, டிக்கெட் வாங்காமல்!

அப்பா பென்னோ ஸ்ட்ரோஹைம் தொப்பி வியாபாரி. யூதக் குடும்பம். குதிரைப்படை அதிகாரிகளின் தலைக்கும் இவர்கள் வீட்டுத் தொழிலுக்கும் சம்பந்தம் இருந்திருக்கலாம். குதிரைக்கும் இவருக்கும்தான் இல்லை.

இந்தப் பொய்யை அவர் ஒரு நாள், ஒரு வாரம் சொல்லவில்லை. ஏறக்குறைய 48 வருஷம் சொன்னார். பேட்டியில் சொன்னார், விருந்தில் சொன்னார், நிற்கும் தோரணையில் சொன்னார். நாம் ரெஸ்யூமேயில் 'எக்ஸெல் நன்றாகத் தெரியும்' என்று எழுதிவிட்டு இன்டர்வ்யூவில் நெளிகிறோமே, அதெல்லாம் கத்துக்குட்டி வேலை. நாமும் இனி அவரைப் 'பிரபு' என்றே அழைப்போம். இவ்வளவு மெனக்கெட்ட மனுஷனுக்கு இந்த மரியாதைகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஆனால் அமெரிக்காவில் பிரபுவுக்கு யாரும் அரண்மனை கட்டி வைத்திருக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்றார், கிடைத்த வேலையைச் செய்தார், கடைசியில் ஹாலிவுட்டில் ஒதுங்கினார். அங்கே அப்போதைய சக்கரவர்த்தி டி. டபிள்யூ. கிரிஃபித். அவருடைய கூடாரத்தில் எடுபிடி, துணை நடிகர், உதவி இயக்குநர் என்று எது கிடைத்தாலும் பிரபு செய்தார். ஐரோப்பிய ராணுவச் சீருடையில் எந்தப் பதக்கம் எந்தப் பக்கம் குத்த வேண்டும் என்பதில் அவர் எக்ஸ்பர்ட். பொய் சொல்பவனுக்கு விவரம் சுத்தமாக இருக்க வேண்டாமா!

பிறகு முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியது. ஜெர்மன் உச்சரிப்புள்ளவனைக் கண்டாலே ஊர் முறைத்தது. மற்றவர்கள் பேரை மாற்றிக்கொண்டு பதுங்கிய நேரத்தில், நம்ம ஆள் மட்டும் மொட்டைத் தலை, விறைத்த கழுத்து, ஒற்றைக் கண்ணாடியோடு கொடூர ஜெர்மன் அதிகாரியாகத் திரையில் நின்றார். 1918-ல் வந்த 'தி ஹார்ட் ஆஃப் ஹ்யூமானிட்டி' படத்தில், அழுது தொந்தரவு செய்யும் கைக்குழந்தையை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிகிறார். தியேட்டரில் ஜனங்கள் கொதித்தார்கள். அடுத்த படத்துக்கும் டிக்கெட் வாங்கினார்கள். 'நீங்கள் வெறுக்க ஆசைப்படும் மனிதன்' என்று போஸ்டரிலேயே போட்டு விற்றார்கள். இன்றைக்கு இதற்கு நெகட்டிவ் பப்ளிசிட்டி என்று கோர்ஸே நடத்துகிறார்கள்.

போர் முடிந்தது, வில்லன் வேலை போயிற்று. யுனிவர்சல் ஸ்டூடியோ முதலாளி கார்ல் லெம்லேயைப் போய்ப் பார்த்தார் பிரபு. லெம்லே ஜெர்மனியில் பிறந்தவர். கதை என்னுடையது, நடிப்பதும் நான், டைரக்‌ஷனையும் என்னிடமே கொடுங்கள் என்று பிரபு தாய்மொழியில் பேசிக் கரைத்தார். 1919-ல் 'பிளைண்ட் ஹஸ்பண்ட்ஸ்' வெளிவந்து ஓடோ ஓடென்று ஓடியது. தான் வைத்த 'தி பினக்கிள்' என்ற தலைப்பை லெம்லே மாற்றிவிட்டார் என்று, முதல் பட டைரக்டர் தன் முதலாளியைக் கண்டித்துப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். லெம்லே அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை. அடுத்து 'ஃபூலிஷ் வைவ்ஸ்'. கதை மான்டே கார்லோவில் நடக்கிறது. செட் போடலாம் என்றார்கள். பிரபுவும் 'போடலாம்' என்றார். அவர் சொன்ன 'போடலாம்' வேறு. சூதாட்ட மாளிகை, ஹோட்டல், கஃபே என்று மான்டே கார்லோவின் நடுச்சதுக்கத்தையே கலிஃபோர்னியாவில் முழு அளவில் எழுப்பினார். கடலைப் பார்த்த காட்சிக்கு இன்னொரு செட், சில நூறு மைல் தள்ளி. ஹோட்டல் அறைகளில் அழைப்பு மணி நிஜமாகவே அடிக்க வேண்டும் என்று ஒயர் இழுக்கச் சொன்னார் என்று ஒரு கதை ஸ்டூடியோவில் உலவியது. படம், நினைவூட்டுகிறேன், பேசாத படம்.

செலவு ஏறிக்கொண்டே போனது. யுனிவர்சல்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். அப்புறம் அந்தக் கையை எடுத்துக் கல்லாவில் வைத்தார்கள். நியூயார்க் பிராட்வேயில் பெரிய விளம்பரப் பலகை நிறுத்தி, படத்துக்கு இதுவரை ஆன செலவை அதில் எழுதி, அவ்வப்போது ஏற்றிக்கொண்டே போனார்கள். 'ஸ்ட்ரோஹைம்' என்பதன் முதல் எழுத்தான 'எஸ்' இருக்க வேண்டிய இடத்தில் டாலர் குறி! 'முதல் பத்து லட்சம் டாலர் படம்' என்று தம்பட்டம் வேறு. 'நானூறு கோடி பட்ஜெட்' என்று இப்போது ஃபர்ஸ்ட் லுக்கோடு ட்வீட் போடுகிறார்களே, அந்தக் கலைக்கு நூறு வயது ஆகிறது.

படத்தில் பிரபுவின் வேஷம் என்ன தெரியுமா? ரஷ்யப் பிரபு என்று சொல்லிக்கொண்டு பணக்காரப் பெண்களை ஏமாற்றும் ஃப்ராடு. அதாவது போலிப் பிரபு ஒருவர் போலிப் பிரபுவாக நடித்தார். அபார நடிப்பு என்று எல்லாரும் கை தட்டினார்கள். போதாக்குறைக்கு, அதே படத்தில் கதாநாயகி ஒரு புத்தகம் படிக்கிறாள். தலைப்பு 'ஃபூலிஷ் வைவ்ஸ்', எழுதியவர் எரிக் ஃபான் ஸ்ட்ரோஹைம். தன் படத்துக்குள்ளேயே தனக்கு விளம்பரம் வைத்துக்கொண்ட மகான்.

இந்த இடத்தில்தான் கதைக்குள் இர்விங் தால்பெர்க் வருகிறார். யுனிவர்சலின் மேனேஜர். வயது 21. ஒல்லி உடம்பு, பலவீனமான இதயம், மெல்லிய குரல். செலவை நிறுத்துங்கள் என்று அவர் சொன்னபோது பிரபு பதிலுக்குச் சிரித்தார். 'நான் டைரக்டர் மட்டுமில்லை, ஹீரோவும் நான்தான். என்னைத் தூக்கினால் படமே கிடையாது' என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். அந்தப் படம் வரைக்கும்.

அடுத்த படம் 'மெர்ரி கோ ரவுண்ட்'. 'நீங்கள் நடிக்கக் கூடாது, டைரக்‌ஷன் மட்டும்' என்று தால்பெர்க் முதலிலேயே நிபந்தனை போட்டுவிட்டார். ஏன் என்று பிரபு யோசிக்கவில்லை. வியன்னா அரண்மனைக் காவலர்களாக வந்த துணை நடிகர்களுக்கு ராஜ முத்திரை தைத்த பட்டு உள்ளாடை கேட்டார் என்பது ஹாலிவுட்டின் அழியாத வதந்தி. உள்ளே போட்டிருப்பது கேமராவுக்குத் தெரியுமா? தெரியாது. காவலாளிக்குத் தெரியுமே! 1922 அக்டோபரில், படம் பாதியில் இருக்கும்போதே, தால்பெர்க் அவரை வீட்டுக்கு அனுப்பினார். ஸ்டூடியோவில் பெரியவர் யார் என்ற கேள்விக்கு ஹாலிவுட்டில் அன்றைக்குத்தான் விடை எழுதப்பட்டது. எழுதியவருக்கு அப்போது 23 வயது.

பிரபு அசரவில்லை. நேரே கோல்ட்வின் கம்பெனிக்குப் போனார். ஃப்ராங்க் நாரிஸின் 'மெக்டீக்' நாவலைக் கையில் எடுத்தார். லாட்டரியில் பணம் விழுந்த ஒரு குடும்பம் பேராசையால் சீரழியும் கதை. பொதுவாக டைரக்டர்கள் நாவலிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை விடுவார்கள். இவர் நாவலில் இருந்த எல்லாவற்றையும் எடுத்தார். நாவலில் இல்லாததையும் சேர்த்து எடுத்தார்.

சான் ஃபிரான்சிஸ்கோ காட்சிகளுக்கு அந்த ஊரிலேயே ஒரு நிஜக் கட்டடம். நடிகர்கள் அதே அறைகளில் தங்கி வாழ வேண்டும் என்றார். தங்கச் சுரங்கக் காட்சிக்கு 3,000 அடி ஆழத்துக்கு யூனிட்டை இறக்கினார். நூறு அடியிலும் இருட்டு இதே இருட்டுதானே என்று கேமராமேனுக்குத் தோன்றியது நியாயம். ஆனால் பிரபுவுக்கு ஆழமான இருட்டு வேண்டும்.

கிளைமாக்ஸ் பாலைவனத்தில். லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்திலேயே ஆக்ஸ்னார்டில் அழகான மணல்மேடுகள் இருக்கின்றன என்று கம்பெனி கெஞ்சியது. நாவலில் டெத் வேலி என்று எழுதியிருக்கிறதா? அப்படியானால் டெத் வேலிதான். அதுவும் 1923-ன் கோடையில். 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் வெயில். ஊர் பேரிலேயே சாவு இருக்கிறது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை பாருங்கள்.

உடன் போனவர்கள் வரிசையாகப் படுத்தார்கள். நடிகர் ஜீன் ஹெர்ஷோல்ட் 27 பவுண்டு எடை இழந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இரண்டு நடிகர்கள் கட்டிப் புரண்டு சண்டை போடும் காட்சியில், 'என்னை எப்படி வெறுக்கிறீர்களோ அப்படி ஒருத்தரை ஒருத்தர் வெறுங்கள்' என்று பிரபு கத்தினாராம். இதைவிடத் தெளிவான நடிப்புப் பயிற்சி கிடையாது. பார்த்தால் நிஜமாகவே கொலைவெறி தெரிகிறது. யார் மேல் என்பதுதான் கேள்வி.

படம் முடிந்து போட்டுப் பார்த்தார்கள். 42 ரீல். ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். 1924 ஜனவரியில் சிலரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினார். காலையில் உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது இருட்டிவிட்டது. பார்த்தவர்களில் சிலர் இதுபோல ஒரு படம் வந்ததே இல்லை என்றார்கள். அதில் உண்மை இருந்திருக்கும். அவ்வளவு நேரம் யாரும் எதையும் பார்த்ததில்லை.

இன்றைக்காக இருந்தால் ஓடிடிக்காரன் 'சீசன் ஒன்று, ஒன்பது எபிசோட்' என்று வாங்கிக்கொண்டு, இரண்டாவது சீசனுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். பிரபு பிறந்தது ஒரு நூற்றாண்டு முன்னால். அவசரத்துக்கு அவர் பேரைச் சொல்ல முடியாதுதான், ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் ரொம்பவே அவசரப்பட்டுவிட்டார்.

அவரே உட்கார்ந்து வெட்டி 24 ரீல் பக்கம் கொண்டுவந்தார். அதற்கு மேல் கை வரவில்லை. டைரக்டர் நண்பர் ரெக்ஸ் இங்க்ராமிடம் கொடுத்தார். அவர் 18 ரீலாக்கித் திருப்பி அனுப்பி, இனி ஓர் அடி வெட்டினாலும் உன்னோடு பேசவே மாட்டேன் என்றார். நட்பு காப்பாற்றப்பட்டது. படம்தான்...

இதற்கிடையில், 1924 ஏப்ரலில், கோல்ட்வின் கம்பெனி மெட்ரோவோடும் லூயி பி. மேயர் கம்பெனியோடும் இணைந்து எம்ஜிஎம் ஆகிவிட்டது. புதுக் கம்பெனியில் தயாரிப்புப் பொறுப்பு யாருக்கு? சொல்லவே வேண்டாம். மெல்லிய குரல், பலவீனமான இதயம், நம் பழைய தால்பெர்க்! தமிழ் சினிமாவில் இப்படி இடைவேளை ட்விஸ்ட் வைத்தால் லாஜிக் இல்லை என்று விமர்சனம் எழுதுவார்கள்.

படம் கடைசியில் 10 ரீலுக்கு வந்தது. நாவலையும் படிக்காத, ஸ்கிரிப்ட்டையும் படிக்காத, தலையில் தொப்பியைத் தவிர வேறொன்றும் இல்லாத ஆசாமி கையில் என் படம் போயிற்று என்று பிரபு வாழ்நாள் முழுக்கப் புலம்பினார். தொப்பியை இவ்வளவு இளக்காரமாகப் பேசியதை வியன்னாவில் அப்பா கேட்டிருந்தால் மனசு கஷ்டப்பட்டிருப்பார்.

வெட்டிய ஃபிலிம் என்ன ஆயிற்று? அதிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுக்கக் கொளுத்திவிட்டார்கள் என்பது பிரபுவின் குற்றச்சாட்டு. கிடைத்த வெள்ளியின் மதிப்பு சில சென்ட்டுகள்தான் என்பார். படத்தின் பேர் என்ன தெரியுமா? 'கிரீட்'. பேராசை!

சரி, இனி இந்த ஆள் வேண்டவே வேண்டாம் என்று எம்ஜிஎம் முடிவெடுத்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அடுத்த படத்தையும் அவரிடமே கொடுத்தார்கள். 'தி மெர்ரி விடோ', 1925. நடிகை மே மர்ரேயோடு செட்டிலேயே குடுமிப்பிடி. படத்தில் ஒரு கிழட்டுக் கோடீஸ்வரன், பெண்களின் பாதம், செருப்பு என்றால் மயங்குபவன். அவனுடைய அலமாரியில் அடுக்கிய செருப்புகளை பிரபு மீட்டர் மீட்டராக எடுத்துத் தள்ளியிருந்தார். இதெல்லாம் எதற்கு என்று தால்பெர்க் கேட்டாராம். 'அவனுக்குக் காலடி மேல் மோகம்.' 'உமக்கு ஃபிலிம் அடி மேல்' என்றார் தால்பெர்க். அந்த மெல்லிய குரலுக்கு இப்படியும் ஒரு வாய்!

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. லாபத்தில் பங்கு என்று பேச்சு. ஆனால் 'கிரீட்' நஷ்டத்தை அதில் கழித்துக்கொண்டது கம்பெனி. பிரபு பேராசையைப் பற்றி ஒன்பது மணி நேரம் பாடம் நடத்தினார். முதல் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தவர்கள் முதலாளிகள் மட்டும்தான்.

அப்புறம் 'தி வெட்டிங் மார்ச்'. மறுபடி வியன்னா. புனித ஸ்டீஃபன் தேவாலயத்தின் முகப்பையே எழுப்பினார். ஆப்பிள் மரங்களில் ஆயிரக்கணக்கில் காகிதப் பூக்களைக் கையால் கட்டினார்கள். மாதக்கணக்கில் ஷூட்டிங் நடந்து, 1927 ஜனவரியில் பாதியில் நிறுத்தப்பட்டது. மலைபோல் குவிந்த ஃபிலிமை வெட்டித் தரச் சொல்லி பாரமௌண்ட் கூப்பிட்ட ஆள்களில் ஒருவர் ஜோசஃப் ஃபான் ஸ்டெர்ன்பெர்க். அவரும் வியன்னாவில் பிறந்த யூதர். அவர் பேரிலும் அந்த 'ஃபான்' பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டதுதான். ஒரு போலிப் பிரபுவை வெட்ட இன்னொரு போலிப் பிரபு. வைரத்தை வைரத்தால்தான் அறுக்க முடியும்.

கடைசியாக 'குயீன் கெல்லி'. ஹீரோயின் குளோரியா ஸ்வான்சன், பணம் போட்டவர் ஜோசஃப் கென்னடி. ஆமாம், பின்னால் ஜனாதிபதியான ஜான் கென்னடியின் அப்பா. கதையில் ஆப்பிரிக்காவில் ஒரு விபசார விடுதி. கல்யாணக் காட்சியில் மாப்பிள்ளைக் கிழவன் ஸ்வான்சனின் கையில் புகையிலை எச்சிலை ஒழுகவிட வேண்டும் என்று பிரபு சொல்லிக்கொடுத்தார். ஸ்வான்சன் செட்டைவிட்டு எழுந்து போய் போனை எடுத்தார். 1929 ஜனவரியில் படம் நின்றது. நிஜ வாழ்க்கையை அப்படியே காட்டுவதில் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு.

அதற்குப் பின் 1932-ல் ஒரே ஒரு பேசும் படம் எடுத்தார். ஃபாக்ஸ் கம்பெனி அதையும் கொத்தி, வேறு ஆள் வைத்து மறுபடி எடுத்து, டைரக்டர் பேரே போடாமல் 'ஹலோ, சிஸ்டர்!' என்று வெளியிட்டது. டைரக்டர் ஸ்ட்ரோஹைமின் கதை அதோடு முடிந்தது. வயது 47.

நடிகர் ஸ்ட்ரோஹைமுக்குத்தான் சுக்கிர திசை. பிரான்சில் ழான் ரெனுவார் 'லா கிராண்ட் இல்லூஷன்' எடுத்தார், 1937. சினிமாவுக்கு வந்ததற்கே 'ஃபூலிஷ் வைவ்ஸ்' ஒரு காரணம் என்று சொன்ன பக்தர் அவர். நம்ம ஆளுக்கு ஜெர்மன் பிரபு, ராணுவ அதிகாரி வேடம், கழுத்தில் பட்டை. பிறவிப் பிரபுவாகவே நின்றார். ஒரே சிக்கல், அவருக்கு ஜெர்மன் சரியாக வரவில்லை, வசனத்தைப் பள்ளிப் பையன் மாதிரி மனப்பாடம் செய்தார் என்று ரெனுவார் பின்னால் எழுதினார். 'ஃபான்' பத்திரமாக இருந்தது. மொழிதான் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

1943-ல் பில்லி வைல்டர் தன் படத்தில் பிரபுவுக்கு ஜெர்மன் தளபதி ரோமெல் வேடம் கொடுத்தார். ரோமெலின் கழுத்தில் கேமரா தொங்கும். அதற்குள்ளே நிஜ ஃபிலிம் போடச் சொன்னார் பிரபு. யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டதற்கு, பார்ப்பவர்களுக்கு உள்ளுக்குள் தெரிந்துவிடும் என்றார். 'நீங்கள் காலத்துக்குப் பத்து வருஷம் முன்னால் இருந்தீர்கள்' என்று வைல்டர் ஐஸ் வைத்தபோது, 'இருபது' என்று திருத்தினாராம். அடக்கம் அவர் வெட்டிக் குறைத்த ஒரே விஷயம்.

1950-ல் அதே வைல்டரின் 'சன்செட் பொலிவார்ட்'. மங்கிப்போன ஊமைப்பட நடிகையாக குளோரியா ஸ்வான்சன். அவருக்குச் சேவகம் செய்யும் பட்லராக பிரபு. கதைப்படி அந்த பட்லர் ஒரு காலத்தில் பெரிய டைரக்டர். படத்துக்குள் அவர்கள் பார்க்கும் பழைய படம் எது? 'குயீன் கெல்லி'! இதற்காக ஆஸ்கர் நாமினேஷன்கூட வந்தது. அந்த பட்லர் ஓட்ட வேண்டிய பிரம்மாண்டமான காரை பிரபுவுக்கு ஓட்டத் தெரியாது. கயிறு கட்டி இழுத்தார்கள். அப்படியும் கொண்டுபோய் ஸ்டூடியோ கேட்டில் இடித்தார் என்று ஸ்வான்சன் சொல்லிச் சிரித்தார். ஸ்டூடியோ கேட்டுக்கும் அவருக்கும் ராசி அப்படி.

1957 மே 12 அன்று பாரிஸ் பக்கத்தில் காலமானார். சில வாரங்களுக்கு முன் பிரெஞ்சு அரசு லெஜியன் ஆஃப் ஆனர் கொடுத்தது. ஆக, கடைசியில் ஒரு பட்டம் உண்மையாகவே கிடைத்தது. அவர் போன பிறகுதான் ஆராய்ச்சியாளர்கள் வியன்னா பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினார்கள். உள்ளே பிரபு இல்லை, தொப்பி வியாபாரி மகன் இருந்தார்.

எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுதான். தன்னைப் பற்றி அவர் விட்ட கதையிலிருந்து அரை நூற்றாண்டு யாரும் ஒரு வரிகூட வெட்டவில்லை. திரையில் நிஜத்தைக் காட்ட உயிரைக் கொடுத்தார், அதை மட்டும் கத்தரியோடு வரிசையில் நின்று வெட்டினார்கள். உண்மைக்கு ரொம்ப நீளம், செலவும் அதிகம். பொய்க்கு ஒரு 'ஃபான்' போதும்.

1999-ல் மிச்சமிருந்த புகைப்படங்களையெல்லாம் கோத்து 'கிரீட்' படத்தை நான்கு மணி நேரத்துக்கு வளர்த்தார்கள். எப்போதாவது கிடைத்தால் உட்கார்ந்து பாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: போரடித்தாலும் ஃபார்வர்டு பட்டனைத் தொடாதீர்கள். அந்த வேலையை எம்ஜிஎம் ஏற்கெனவே செய்துவிட்டது.